கடைசிப் பாட்டு வரை

நான் எழுத வந்தது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரிகிறது. மன்னிக்க வேண்டும். ஐந்தாம் படிவத்தோடு என் படிப்பு முடிந்தது. இது என்ன ராகம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுவேன். இதைவிடப் பெரிய குறை ஒன்றும் உண்டு. நேரில் கேட்ட கச்சேரிகளைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேனே தவிர, ஒன்றைத் தவிர வேறெதையும் நான் முழுதாகக் கேட்டதில்லை.

நாங்கள் இருப்பது சுங்கை பாக்காப்பில். பெரிய கச்சேரிகள் கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம், தீவில் இருக்கிற ஜார்ஜ் டவுனில்தான் நடக்கும். என் கணவர் லோரி ஓட்டுகிறவர். வாரமெல்லாம் பாலத்து நெரிசலில் கிடக்கிற மனிதர், லீவு நாளிலும் அதில் மாட்டிக்கொள்ளச் சம்மதிக்க மாட்டார். கேட்டவுடனே டிக்கெட் வாங்கித் தருவார், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் முடிய இரண்டு மூன்று பாட்டு இருக்கும்போதே எழுந்துவிடுவார்.

"வாம்மா, ஜாம் ஆயிடும்."

பாலம் கடந்து வருகிறவர்களில் பாதிப் பேர் அப்படித்தான். ஒருவர் எழுந்தால் வரிசையே எழும். நானும் எழுந்துவிடுவேன்.

ஒரு தைப்பூசத்தின்போது கோயில் பந்தலில் இரட்டை நாதஸ்வரம் கேட்டோம். தவில்காரருக்கு மிகப் பக்கத்தில் இடம் கிடைத்தது. ஒவ்வோர் அடியும் காதுக்கு வருவதற்கு முன் வயிற்றில் விழுந்தது. நாதஸ்வரக்காரர் ஒருவர் ஒன்றை வாசித்துவிட்டுப் புருவத்தை உயர்த்துவார். மற்றவர் அதையே இன்னும் கொஞ்சம் வளைத்துத் திருப்பிக் கொடுப்பார். அந்தப் பேச்சு சூடு பிடித்த நேரத்தில் என் தோளில் கை விழுந்தது. காடி வரைக்கும் அந்தச் சத்தம் கூடவே வந்தது. ஏறிக் கதவைச் சாத்தியதும் நின்றுபோனது.

இன்னொரு தடவை கடலோரத்துப் பாடாங் திடலில் மெல்லிசை இரவு. நடுவில் மழை பிடித்துக்கொண்டது. ஒருவரும் ஓடவில்லை. பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அப்படியே நின்றோம். பாடகர் மேடை விளிம்புக்கு வந்து தானும் நனைந்துகொண்டு பாடினார். தலையில் நாற்காலியோடு நான் வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்தது கூடப் பரவாயில்லை என்று இருந்தது. அன்றும் முடிவு வரை இருக்கவில்லை.

பிறை என்ற ஊரில் என்னோடு ஒரே தொழிற்சாலையில் வேலை செய்கிற பெண் ஒருத்தி அந்தக் கச்சேரிக்கு வந்திருந்தாள். என்னைவிட இளையவள். கேன்டீனில் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, கடைசியில டிரம்ஸ்காரரும் தபேலாக்காரரும் போட்டி போட்டாங்களே, பாத்தீங்களா?"

"நாங்க அதுக்கு முன்னாடியே கெளம்பிட்டோம்."

"மறுபடியுமா? கல்யாணத்துக்கு வந்துட்டு, தாலி கட்டுறதுக்கு முன்னாடி மொய் வச்சிட்டு ஓடுற ஆளு லா நீங்க!"

மேசையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அந்தப் போட்டியைக் கைப்பேசியில் தேடிப் பார்த்தேன். யாரோ தூரத்திலிருந்து எடுத்தது. பாதி நேரம் முன்னால் நிற்பவரின் தலைதான் தெரிந்தது. அடுத்த கச்சேரியில் கடைசிப் பாட்டு முடியாமல் எழுந்திருப்பதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

முடிவு செய்வது சுலபம். அவரிடம் சொல்ல வேண்டுமே! பாத்திரம் கழுவும்போதெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். தமிழ்நாட்டிலிருந்து ஒரு பாடகி முழு வாத்தியக் குழுவோடு வந்தபோது, பாலத்தில் போகும் வழியில்தான் வாயில் வந்தது.

"ஏங்க, இன்னிக்கி கடைசி வரைக்கும் இருப்போமா?"

"பாப்போம்."

எங்கள் வீட்டில் 'பாப்போம்' என்றால் இல்லை என்று அர்த்தம்.

மண்டபத்தில் நடு வரிசையில் எங்களுக்கு இடம். முதல் வரிசையில் டத்தோ பட்டம் வாங்கிய பிரமுகர்களுக்குச் சோபா போட்டிருந்தார்கள். பேசி, பொன்னாடை வாங்கிக்கொண்டு அவர்கள் சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள். பாடகி பாட்டுக்குப் பாட்டு ஏறிக்கொண்டே போனார். புல்லாங்குழல்காரர் ஒரே பாட்டில் ஒரு குழலை வைத்துவிட்டு இன்னொன்றை எடுப்பார். மூச்சு விட்டாரா என்றே தெரியாது. பிறகு அறிவிப்பாளர், "இன்னும் மூன்றே பாடல்கள்" என்றார். என் கணவர் எழுந்தார்.

"வாம்மா."

நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன். "நான் வரல."

"என்னது?"

"முடிஞ்சப்பறம் வரேன். நீங்க வேணும்னா காடியில இருங்க."

அவர் அப்படியே நின்றார். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "அண்ணே, மறைக்குது லா! உக்காருங்க, இல்லாட்டி மேடைக்குப் போயி நீங்களே பாடுங்க!"

சுற்றிலும் சிரிப்பு. வேறொரு நாளாக இருந்தால் அந்தச் சிரிப்புக்குப் பயந்தே எழுந்து ஓடியிருப்பேன். மேடையை மட்டும் பார்த்தேன். அவர் போய்விட்டார். அவரோடு இன்னும் பலரும் போனார்கள்.

பாடகி பாதி காலியான மண்டபத்தைப் பார்த்தார். "இருக்கறவங்க எல்லாம் முன்னாடி வாங்க, எனக்கு மொகமே தெரியல" என்றார். தயங்கித் தயங்கிப் போய் டத்தோவின் சோபாவில் ஓர் ஓரமாக உட்கார்ந்தேன். தூரத்தில் தெரியாதது எல்லாம் அங்கே தெரிந்தது. பாடகி செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தால் தாளம் போட்டார். தபேலாக்காரர் உள்ளங்கையில் பவுடர் பூசிக்கொண்டார். வயலின்காரப் பெண்கள் இருவர் எதற்கோ கண்ணால் சிரித்துக்கொண்டார்கள்.

கடைசிப் பாட்டை வாத்தியம் எதுவும் இல்லாமல் மெதுவாகத் தொடங்கினார். முதலில் தபேலா சேர்ந்தது, பிறகு குழல், பிறகு எல்லாமே. ஏறி ஏறிப் போய், ஓரிடத்தில் எல்லாம் ஒன்றாக நின்றன. கைதட்டல் எழுவதற்கு முன்னால் ஒரு சின்ன அமைதி வந்தது. ஒரு மூச்சு நேரம்தான் இருக்கும். கைப்பேசியில் எத்தனை தடவை பார்த்தாலும் அது கிடைக்காது. இத்தனை வருஷம் அதை விட்டுவிட்டுத்தான் காடிக்கு ஓடியிருக்கிறேன்.

பக்கத்தில் சோபா அமுங்கியிருந்தது. திரும்பினால் என் கணவர் கைதட்டிக்கொண்டிருந்தார்.

"வாசல்ல கொண்டாந்து நிறுத்தலாம்னா, காடிய எடுக்க முடியல. பின்னால எவனோ குறுக்க நிறுத்திட்டுப் போயிட்டான்."

"எப்ப வந்தீங்க?"

"அந்தம்மா மெதுவா ஆரம்பிச்சாங்களே, அப்ப."

பாலத்தில் அவர் சொன்ன மாதிரியே ஜாம். வரிசை வரிசையாகச் சிவப்பு விளக்குகள். நான் சொன்னேன்.

"அடுத்த தடவையும் நான் கடைசி வரைக்கும் இருப்பேன்."

கொஞ்ச தூரம் நகர்ந்த பிறகு, "அப்பன்னா காடிய வெளியில ரோட்டோரமாப் போடணும்" என்றார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தாமதமாகப் பசியாறினோம். அவர் லோரியைப் பட்டறைக்குக் கொண்டுபோனார். நான் துணி துவைத்தேன்.