வெடிவீட்டு வைரவர்

பழைய கட்டடத்தைக் காவல் காக்கிற உத்தியோகத்தில் ஒரு சங்கடம் உண்டு: கட்டடம் சும்மா நிற்கும், சனம் சும்மா நிற்காது. அரசாங்கப் பலகை ஒன்றுக்குப் பக்கத்தில் கதிரை போட்டுக் காலத்தைக் கழித்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், என் அலுப்பு உங்களுக்கு விளங்கும்.

என்ன காவல்

யாழ்ப்பாணத்தின் வடகரையில், சுண்ணாம்புக்கல் வெட்டி வெட்டிப் பள்ளமாகி ஓய்ந்த ஒரு பெரிய கிடங்கு. அதன் விளிம்பில் நின்றது வெடிவீடு. பாறை உடைக்கிற வெடிமருந்தைப் பூட்டி வைக்க வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. சுவர் இரண்டு முழத் தடிப்பு, கூரை மட்டும் லேசான தகரம். மருந்து தவறி வெடித்தால் கூரை மேலே போகட்டும், சுவர் நிற்கட்டும் என்ற யோசனை. கல் தீர்ந்து, கிடங்கில் மழைத்தண்ணீர் நிற்கத் தொடங்கிய பிறகு, தொல்பொருள் திணைக்களம் 'பாதுகாக்கப்பட்ட கட்டடம்' என்று பலகை நட்டது. அறுபதுகளின் கடைசியில் என்னையும் பக்கத்தில் நட்டது.

முதல் கிழமையே சைக்கிளில் வந்த ஒருவருக்கு இந்தச் சரித்திரம் முழுவதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். உள்ளே இப்போது என்ன இருக்கிறது என்றார். ஒன்றுமில்லை என்றேன். சைக்கிளைத் திருப்பிக்கொண்டே சொன்னார்: "ஒண்டுமில்லாததை ஆரும் களவெடுத்துப் போடுவினம் எண்டோ உம்மை இருத்தியிருக்கு?"

கல் போன இடம்

ஆனால் களவு போனது. நான் மத்தியானம் சாப்பிட்டு வருவதற்குள் பின்சுவரில் இரண்டு கல் குறைந்திருக்கும். திணைக்களத்துக்கு எழுதினேன். எத்தனை கல் என்று கேட்டு ஒரு கடிதம் வந்தது. பதில் எழுதி அனுப்புவதற்குள் இன்னும் மூன்று போய்விட்டது.

கடைசியில் பக்கத்து வளவுச் செல்லம்மாக்காவின் கிணற்றடியில் கண்டுபிடித்தேன். உடுப்புத் தோய்க்க வசதியாகப் பதித்திருந்தார். அரசாங்கக் கல் அக்கா என்றேன். அவர் தோய்க்கிற கையை நிறுத்தவில்லை. "எங்கடை ஊர் நிலத்திலை வெட்டின கல்லு எங்கடை ஊர் நிலத்துக்குத்தானே வந்திருக்கு. இதிலை என்ன களவு?"

சூலம்

எனக்கு அலுத்துப் போயிற்று. கொல்லரிடம் சொல்லி ஒரு சின்னச் சூலம் அடிப்பித்து, சுவரிலிருந்த ஒரு மாடத்தில் நட்டு, திருநீறு பூசி, ஒரு சுட்டி விளக்கும் ஏற்றி வைத்தேன். பக்தியில் செய்யவில்லை. காவல் தெய்வமான வைரவர் நிற்கிற இடத்தில் எங்கள் சனம் கை வைக்காது என்ற துணிவில் செய்தேன்.

அன்றோடு களவு நின்றது. மற்றக் கிழமை செல்லம்மாக்கா கற்களை ஓலைக் கடகத்தில் சுமந்துகொண்டு வந்து, ஒவ்வொன்றாக இறக்கி வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டார். "எடுக்கேக்கை இது வைரவற்றை எண்டு தெரியாது தம்பி. உன்ரை எண்டெல்லே நினைச்சனான்."

திருப்பணி

பிறகு வருடா வருடம் வடைமாலை வந்தது. பொங்கல் வந்தது. மருதனார்மடத்திலிருந்துகூட ஆட்கள் நேர்த்திக்கு வந்தார்கள். புகையிலைத் தோட்டக்காரர் சின்னத்துரையர் தலைமையில் ஒரு சபையும் வந்தது. வைரவர் இப்படி இருண்ட வீட்டில் இருக்கக்கூடாது, இதை இடித்துவிட்டுச் சீமெந்தில் மண்டபம் கட்டுவோம் என்று தீர்மானித்தார்கள்.

வெளியே வெள்ளைப் புழுதி பறக்கிற மத்தியானத்திலும் உள்ளே குளிர்ந்திருக்கும் அறை அது. ஒரு சுவரோடு இத்தனை வருடம் இருந்தால் அதுவும் சொந்தக்காரர் மாதிரி ஆகிவிடும். திணைக்களத்துக்கு மூன்று கடிதம் போட்டேன், பதில் இல்லை. வேறு வழியில்லாமல் சின்னத்துரையரிடம் உண்மையைச் சொன்னேன்: சூலத்தை நட்டது நான்தான், கல் களவை நிற்பாட்டத்தான். அவர் பரிவோடு என் தோளில் கை வைத்தார். "தெரியும் தம்பி. வைரவர் உன்னைக் கொண்டெல்லே வைப்பிச்சவர்."

பூக்கட்டு

இடிக்கிறதுக்கு முன் பூக்கட்டிக் கேட்போம் என்றேன். எல்லோரும் சம்மதித்தார்கள். இரண்டு வாழையிலைப் பொட்டலம். ஒன்றில் வெள்ளை நந்தியாவட்டை, மற்றதில் சிவப்புச் செவ்வரத்தை. வெள்ளை வந்தால் இடிக்கலாம், சிவப்பு வந்தால் வைரவருக்கு விருப்பமில்லை. விளக்கேற்றுகிறவன் நான் என்பதால் கட்டுகிற வேலையும் என்னிடமே வந்தது. இரண்டிலும் செவ்வரத்தையை வைத்துக் கட்டினேன். தெய்வத்தின் முன்னால் செய்த களவு, இன்றைக்கும் நினைத்தால் பயம்தான்.

சின்னத்துரையர் கும்பிட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தார். சிவப்பு. சனம் முணுமுணுத்துக்கொண்டு கலைந்தது. அவர் மட்டும் போகவில்லை. மற்றப் பொட்டலத்தை ஒளிக்க வேண்டும் என்ற புத்தி எனக்கு வருவதற்குள் அவர் கை அதில் இருந்தது. பிரித்தார், பார்த்தார். சுவரில் முதுகைச் சாய்த்து, அந்தக் குளிர்ச்சியில் குந்தினார். அவர் பூவை எடுத்துக் காதில் செருகிக்கொண்டு எழும்பினார். "ஒருக்கால் கேட்டதுக்கு வைரவர் ரெண்டுதரம் வேண்டாமெண்டு சொல்லிப்போட்டார். இனி மறுத்துக் கதைக்க நான் ஆர்?"

வெடிவீட்டை நான் எப்படிக் காத்தேன் என்று ஓய்வுபெறும்போது கேட்ட திணைக்களப் படிவத்தில், ஒரு சூலத்தையும் இரண்டு செவ்வரத்தம்பூவையும் எழுத இடம் இருக்கவில்லை.