வட்டம் விழாத தட்டு

எந்தக் கோடை என்பதை உறுதிசெய்ய எனக்கு ஒரு பல் உதவியது. ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேரன்று எடுத்த படத்தில் என் மேல்வரிசையில் ஒரு பல் இல்லை. நான்காம் வகுப்பின் முதல்நாள் படத்தில் அது பாதி முளைத்திருக்கிறது. நான் சொல்லப்போவது இந்த இரண்டு படங்களுக்கும் இடையில் நடந்தது. தம்பி அப்போது அம்மாவின் வயிற்றில் இருந்தான். அம்மாவின் அண்ணனான மாமா, ஊருக்குப் போய்த் திரும்பி, நாங்கள் குடிபெயர்ந்து வாழ்ந்த ஹம் நகரில் எங்களோடு தங்கியிருந்தார்.

மாமா ஊரிலிருந்து மிளகாய்த்தூளோடு குளிசைகளும் கொண்டுவருவார். சிவப்பும் மஞ்சளுமான நுண்ணுயிர்கொல்லிக் குளிசைகள். இங்கே மருத்துவர் எழுதித் தராமல் கிடைக்காதவை. அவற்றை ஒரு நீலத் தகரப் பிஸ்கட் பேணியில் வைத்திருந்தார். அந்தப் பேணியின் புகழ் கெல்சென்கிர்ச்சன் நகர் வரை பரவியிருந்தது. யாருக்குத் தொண்டை நொந்தாலும் தொலைபேசி எங்கள் வீட்டில்தான் அடிக்கும்.

"இங்கத்தை டொக்டரிட்டைப் போனா, தேத்தண்ணி குடியுங்கோ எண்டு சொல்லி அனுப்புவான். அதுக்கும் முதலே ஒரு தெர்மீன் எடுத்து நாள் குறிக்க வேணும்" என்பார் மாமா.

பேணிக்கு ஒரு சட்டம் இருந்தது. காய்ச்சல் விட்டதும் குளிசையை நிறுத்திவிட வேண்டும். மிச்சம் பேணிக்குத் திரும்ப வேண்டும். அடுத்தவருக்கு உதவுமல்லவா? அந்தச் சிக்கனத்தை எல்லோரும் மெச்சினோம். என் காதுவலிக்கும் அதே குளிசைதான். வலி போனதும் அதே பேணிதான்.

தேரின் பின்னால் மாமா வெறுங்காலோடு நடந்தார். மாலையில் வீடு திரும்பியபோது எல்லோருக்கும் முன்னால் அவர் ஏறிப்போனார். படிக்கட்டில் ஒற்றைக் காலின் சிவப்புத் தடங்கள் எங்கள் கதவுவரை போயிருந்தன. நான் கத்தினேன். மாமா கதவடியில் நின்று, "என்ன பிள்ளை, பேயைக் கண்டனியோ?" என்று சிரித்தார். பாதத்தில் கண்ணாடித்துண்டு ஏறியிருந்தது. நீண்டகாலச் சீனி வருத்தமான நீரிழிவில் மரத்துப்போன கால் அதை அவருக்குச் சொல்லவில்லை.

பேணி திறந்தது. வீக்கம் வற்றியது. மிச்சக் குளிசைகள் பேணிக்குத் திரும்பின. சில நாளில் வீக்கமும் திரும்பியது. இம்முறை அதே குளிசைக்கு அது அசையவில்லை. மாமாவின் அறையில் பழம் கனிந்து அழுகுவதைப்போல ஓர் இனிய வாடை. கால்விரல்கள் கருத்தன.

மருத்துவமனையில் அவருக்குத் தனி அறை கொடுத்தார்கள். பிள்ளைகளுக்கு உள்ளே அனுமதியில்லை. கதவின் சிறு கண்ணாடிவழி பார்ப்பேன். மஞ்சள் மேலங்கியும் முகமூடியும் அணிந்த உருவங்கள் கட்டிலைச் சுற்றிச் சத்தமில்லாமல் நகரும். வெளியே வருமுன் மஞ்சளைக் கழற்றிக் கூடையில் திணிப்பார்கள்; அது அங்கே சற்று நேரம் மெதுவாக விரிந்துகொண்டிருக்கும். மருந்து எடுபடாவிட்டால் கணுக்காலுக்கு மேலே வெட்டவேண்டி வரும் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தார்கள்.

கோயிலில் அம்மாவுக்குப் பழக்கமான திருச்சி அக்கா ஒருவர், பல்கலைக்கழகத்தில் இந்தக் கிருமிகளைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தார். மாமாவின் புண்ணிலிருந்தும் எங்கள் வீட்டார் எல்லோரிடமிருந்தும் தன் ஆய்வுக்கு மாதிரி கேட்டார். எங்களிடம் எடுத்தது எதை என்று எழுத அம்மா இன்றும் விடமாட்டார். சின்னக் குழாய், மூடியில் ஒரு கரண்டி, அவ்வளவுதான்.

அக்கா முடிவுகளோடு மருத்துவமனைக்கே வந்தார். தாழ்வாரத்தில் நின்று அம்மாவுக்கும் எனக்கும் தன் கைபேசியில் படங்களைக் காட்டினார். கதவுக்கு அந்தப்பக்கம் மாமா, அம்மாவின் கைபேசிக்கு எடுத்த அழைப்பில் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு வட்டத்தட்டு, அதில் ஆடைபோலக் கிருமி படர்ந்திருந்தது. மேலே வெவ்வேறு மருந்துகளில் தோய்த்த காகிதப் பொட்டுகள். மருந்து வேலை செய்தால், பொட்டைச் சுற்றிக் கிருமி செத்து வெறும் வட்டம் விழுமாம். மாமாவின் தட்டில் அந்த வெள்ளை ஆடை பொட்டுகளின் விளிம்புவரை வந்து தொட்டுக்கொண்டிருந்தது. ஒரே ஒரு பொட்டு மட்டும் தன் வட்டத்துக்குள் தனியே நின்றது.

"ஹாஸ்பிடல் டெஸ்ட்லயும் அது ஒண்ணுதான் கேக்குதாம். அதைத்தான் இப்ப ஏத்துறாங்க" என்றார் அக்கா. "பாதி மருந்துல வீக்கானது செத்துரும்க்கா. தாங்குனது தங்கிரும், அதுவே பெருகும். அதோட விடாது. பக்கத்துல இருக்குற வேற வகைக் கிருமிக்கும் அந்த ஜீனைக் காப்பி பண்ணிக் குடுத்துரும். சொந்தமாகூட இருக்க வேணாம். லேப்ல இதையும், மருந்துக்குச் சாகுற இன்னொண்ணையும் ஒரே டியூப்ல விட்டேன். மறுநாள் பாத்தா, சாகுறதுல சிலது சாகல."

கைபேசியில் மாமா சிரித்தார். "அப்ப எங்கட பேணி மாதிரித்தான்! ஆர் எவர் எண்டு பாக்காமல் குடுக்குதுகள்."



அக்கா என்னைப் பார்த்துவிட்டு அடுத்த படத்துக்குப் போனார். "இது பாப்பாவோடது. வேற கிருமி, எல்லார் குடல்லயும் இருக்குறதுதான். அவளுக்கு ஒண்ணும் பண்ணாது. ஆனா அங்கிளோட கிருமில இருக்குற அதே ஜீன் இதுலயும் இருக்கு. வீட்டுல மத்தவங்க யார்கிட்டயும் இல்ல."

அந்தத் தட்டிலும் வட்டங்கள் விழவில்லை.

"ஆர் ஆருக்குக் குடுத்தது?" என்று அம்மா கேட்டார்.

"சொல்ல முடியாதுக்கா. அவர்கிட்ட இருந்து இவளுக்கா, இவகிட்ட இருந்து அவருக்கா, ரெண்டு பேருக்கும் வேற எங்கேர்ந்தாவதான்னு தெரியல. பயப்படாதீங்க, கையை நல்லாக் கழுவினாப் போதும்."

எனக்குப் பெருமையாக இருந்தது. மாமாவிடம் இருப்பது வீட்டில் வேறு யாரிடமும் இல்லை, என்னிடம் மட்டும் இருக்கிறது. வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். எதுவும் அசையவில்லை. பக்கத்தில் அம்மாவும் தன் வயிற்றில் கை வைத்திருந்தார்.

இரண்டு விரல்களை இழந்தாலும் மாமா பாதத்தோடு வீடு வந்தார். நீலப் பேணிக்குள் அதற்குமுன்பே தையல் நூல் வந்துவிட்டிருந்தது.

அம்மா முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்துவந்தார். தட்டின் படம் பார்த்த அன்று மாலை, எனக்குத் தலைமுழுக வார்க்கும்போது, அவர் கைகளில் அங்கே போடும் நீலக் கையுறைகள் இருந்தன. என் தலைமயிரில் அவை கீச்சிட்டன. பாவம், வேலைக் களைப்பில் கழற்ற மறந்துவிட்டார் என்று நினைத்தேன்.

"அம்மா, கையுறை" என்று நினைவூட்டினேன்.

"ஓம்" என்றார். "கண்ணை மூடுங்கோ, சவர்க்கார நுரை போயிடும்."

பிறகு அவர் பிரசவ விடுப்பில் வேலைக்குப் போவதை நிறுத்தினார். அதற்குப் பிறகும், தம்பி பிறக்கும்வரை, எனக்கு வார்க்கும்போதெல்லாம் கையுறைகளைக் கழற்ற மறந்துகொண்டேயிருந்தார்.