பரஞ்சோதி அண்ணையின் பக்கத்துக் கம்பம்

பரஞ்சோதி அண்ணை காலமானார் என்று வாட்ஸப்பில் வந்தபோது நான் நம்பவில்லை. வாட்ஸப்பை நம்பி, உயிரோடு இருக்கும் இரண்டு பேருக்கு ஏற்கெனவே அனுதாபம் தெரிவித்தவன் நான். அதனால் சிட்னி நார்த்மீட்டில் அவர் வீட்டுக்கே போன் எடுத்தேன். மகள் மதுரா பேசினாள். "ஓம் அங்கிள், அப்பா போயிட்டார். விடியக் காலமை." அதன் பிறகுதான் கதிரையில் உட்கார்ந்தேன்.

சிட்னியில் அவரை பஸ் சாரதியாகவும், கோயில் அன்னதானத்தில் சாம்பார் வாளியோடும் கண்டவர்கள் பலர் இதை வாசிப்பீர்கள். நான் கண்டது வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு கோல் கம்பத்தடியில் நின்ற பரஞ்சோதி அண்ணையை. கேலிக் உதைபந்தாட்டம் ஐரிஷ்காரரின் விளையாட்டு. என் மகள் அபி மெல்பேர்னில் ஆஸ்பத்திரித் தாதி. கூட வேலை செய்யும் ஐரிஷ் பெண்கள் அவளை அதற்குள் இழுத்துவிட்டார்கள். சிட்னியில் மதுராவுக்கும் அதே கதைதான். குறுக்குத்தடிக்கு மேலே, இரண்டு கம்பங்களுக்கும் இடையால் பந்து போனால் ஒரு புள்ளி, வெள்ளைக் கொடி. கீழே வலைக்குள் போனால் கோல், மூன்று புள்ளி, பச்சைக் கொடி. வெளியே போனால் கைகளைக் குறுக்கே வீசிக் காட்ட வேண்டும். இதைப் பார்க்கக் கம்பத்துக்கு ஓர் ஆள் வேண்டும். ஆள் கிடைக்காத இந்த நாட்டில், அணிக்கு ஒருவராகத் தகப்பன்மாரைப் பிடித்து நிறுத்தினார்கள்.

நான் அவரைச் சந்தித்த வருடம் தேசியப் போட்டி மெல்பேர்னில் நடந்தது. முதல் நாளே அபியின் விக்டோரியாவும் மதுராவின் நியூ சவுத் வேல்ஸும் மோதின. மெல்பேர்ன் டார்னெய்ட்டிலிருந்து போன எனக்கு ஒரு கம்பம், அவருக்கு மற்றது. "தமிழோ? அப்ப நீங்கள் அங்கால நில்லுங்கோ, வெய்யில் குறைவு" என்றார். முப்பது வருடம் காப்புறுதிக் கம்பெனியில் விபத்துக் கோரிக்கைகளை விசாரித்தவன் நான். முன்பின் தெரியாத ஆள் நிழலை விட்டுத் தருகிறாரென்றால் எனக்கு உடனே மூக்கில் வேர்த்துவிடும். அந்தக் கம்பத்திலிருந்து கோடு சரியாகத் தெரிகிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் நின்றேன். இடைவேளையில் பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றித் தந்தார். அவர் குடிக்கும்வரை நான் குடிக்கவில்லை.

அன்று அபி ஒரு கோல் போட்டாள். நான் அசைவதற்குள் பச்சைக் கொடியைத் தூக்கியவர் அவர். தன் பக்கத்துக்கு எதிராக இவ்வளவு வேகமாகக் கொடி தூக்குவாரா ஒருவர்? சின்னக் கோரிக்கையில் நேர்மையாக இருப்பவன் பெரியதற்கு அடி போடுகிறான் என்பது என் அனுபவம். "இந்த மனுசன் ஃபைனலுக்கு எதையோ வச்சிருக்குது" என்று வீட்டில் சொன்னேன். "உங்களுக்குத்தான் மண்டையில வருத்தம்" என்றாள் மனைவி.

இறுதியாட்டத்திலும் அதே இரண்டு அணிகள், அதே கம்பங்களில் நாங்கள். நான் அவருடைய கைகளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவருக்கு அது தெரிந்திருக்கிறது. "என்னைப் பாத்து என்ன செய்யப் போறியள்? பந்தைப் பாருங்கோ" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை.

கடைசி நிமிடம். நாங்கள் ஒரு புள்ளி முன்னால். மதுரா உதைத்தாள். பந்து உயர எழும்பி என் கம்பத்துப் பக்கமாக வந்தது. அந்த நேரம் பார்த்து அண்ணையின் கை கொடிப்பக்கம் போகிறதா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பியபோது பந்து பின்னால் புல்லில் உருண்டது. உள்ளே போனதா, வெளியே போனதா? சத்தியமாக எனக்குத் தெரியாது. அவர் என்னைப் பார்த்துக் கேட்டார். "உங்கட பக்கம். என்ன மாதிரி?"

"வெளியால" என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

அவர் கைகளைக் குறுக்கே வீசினார். விசில் ஒலித்தது. அபியைத் தோளில் தூக்கினார்கள். சிட்னிப் பயிற்சியாளர் ஓடிவந்து, உன் கண்ணால் பார்த்தாயா என்று அண்ணையைப் பிடித்துக் கத்தினார். அண்ணை வெள்ளைக் கோட்டைக் கழற்றி மடித்துக்கொண்டே, "அது அவர் நிண்ட கம்பம், அவர் சொன்னால் சரி" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

பிறகு அண்ணை இரண்டு முறை எனக்கு போன் எடுத்தார். எதையோ கிண்டப் பார்க்கிறார் என்று நினைத்து இரண்டு முறையும் கதையைச் சுருக்கி வைத்துவிட்டேன். அவர் கேட்டதெல்லாம் அபி சுகமா என்பதுதான்.

இறுதிச் சடங்குக்கு சிட்னி போனேன். அவருடைய நேர்மையைப் பற்றி நாலு வார்த்தை பேசலாம் என்று சட்டைப் பையில் எழுதி வைத்திருந்தேன். மண்டப வாசலில் மதுரா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்கிள், அந்தப் பந்து உள்ளுக்கால போனது எண்டு நான் அப்பாவோட சண்டை பிடிச்சனான். அந்த மனுசன் பொய் சொல்லாது எண்டு அப்பா ஒற்றைக்காலில நிண்டவர். மூண்டு மாசம் நான் அவரோட கதைக்கேல்லை. இப்ப நினைக்க விசராக் கிடக்கு. அப்பா சொன்னது சரிதானே?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். பிள்ளைக்கு ஆறுதலாக இருந்திருக்கும், எனக்கும் வசதியாக இருந்திருக்கும். ஆனால் அவள் தகப்பன் உள்ளே பெட்டியில் கிடந்தார்.

"இல்லைப் பிள்ளை. நான் பொய்தான் சொன்னனான். பந்தை நான் பாக்கவே இல்லை."

அவள் கையை எடுத்தாள். "அப்ப எங்க பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்?"

"உங்கட அப்பாவை. கள்ளம் செய்வாரோ எண்டு."

அவள் உள்ளே போனாள். பையிலிருந்த தாளைக் கிழித்துப் போட்டேன். வெட்கம் என்றால் என்னவென்று அறுபத்தெட்டு வயதில், அந்த வாசலில்தான் எனக்குத் தெரிந்தது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு கேள்விதான். "என்ன மாதிரி?" என்று கேட்டுவிட்டு, சொந்த மகள் உதைத்த பந்தை என் வாய்ச்சொல்லை நம்பி விட்டுக்கொடுத்தார். என்னை விசாரிக்காமல் நம்பிய மனிதர் வேறு யாரும் எனக்கு நினைவில் இல்லை. இதை அபியும் வாசிப்பாள். அவளுடைய பதக்கம் எங்கள் வரவேற்பறையில் தொங்குகிறது. அவளுக்கு நான் இன்னும் சொல்லவில்லை.