அசையாமல் நிற்பவர்கள்

போலீஸ் வேலையில் முப்பது வருஷம் கத்தியே காலம் தள்ளிய எனக்கு, ஓய்வு பெற்ற பிறகு டாக்டர் இரண்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். கூடவே, கோபத்தை விடாவிட்டால் ரத்த அழுத்தம் ஒருநாள் கையையோ காலையோ இழுத்துவிடும் என்றும் சொன்னார். மாத்திரை தென்காசியில் எந்த மருந்துக் கடையிலும் கிடைத்தது. நிதானம் எங்கே கிடைக்கும் என்று தெரியவில்லை.

விசாரிக்காமல் விடுகிற ஆள் இல்லை நான். போனில் வீடியோ பார்த்து மூச்சுப் பயிற்சி செய்தேன். மூச்சை எண்ணிக்கொண்டிருக்கும்போது எதிர் வீட்டுக்காரர் ஹாரன் அடித்தால், எழுந்துபோய்ச் சண்டை போட்டுவிட்டு வந்து, விட்ட எண்ணிலிருந்து தொடர்வேன். பிறகு தினமும் விடியற்காலையில் பைக்கில் குற்றாலம் போய்க் குளித்தேன். அருவி தலையில் விழும்போது மனம் காலியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த அமைதி, திரும்பி வரும் வழியில் மேலகரம் தாண்டி வராது. குறுக்கே ஒரு ஆட்டோ வந்தால் போதும்.

அருவிக்கரை எனக்குப் பழகிய இடம். பல சீசன்களில் அங்கே பந்தோபஸ்துக்கு நின்றிருக்கிறேன். தண்ணீர் கூடினால் விசில் ஊதிக் கூட்டத்தை நகர்த்த வேண்டும். விசில் ஊதியும் அசையாமல் நிற்பவர்களில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை, சுகத்தில் சொக்கிப்போனவர்கள். இரண்டு அதட்டு அதட்டினால் சிரித்துக்கொண்டே வந்துவிடுவார்கள். இன்னொரு வகை, பயந்துபோனவர்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பார்கள். பார்க்கத் தவம் செய்கிறவர்கள் மாதிரி இருக்கும். ஆனால் முழங்கை விறைத்திருக்கும். அவர்களிடம் விசில் எடுபடாது, கையைப் பிடித்துத்தான் கூட்டிவர வேண்டும். இந்த வித்தியாசத்தைப் பத்தடி தூரத்திலிருந்தே சொல்லிவிடுவேன் என்று எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

ஒருநாள் குளித்துவிட்டு வந்து, எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியில் உட்கார்ந்தபடியே ஹெல்மெட்டைக் கழற்றும்போது சமையலறை ஜன்னல் வழியாக என் மனைவியைப் பார்த்தேன். தோசைக்கல் காய்ந்து புகைந்துகொண்டிருந்தது. கையில் மாவுக் கரண்டி. ஊற்றாமல் கண்ணை மூடி நின்றாள். நாலைந்து மூச்சு நேரம் இருக்கும். நான் ஸ்டாண்டு போட்டு இறங்கிய பிறகு கண்ணைத் திறந்து மாவை ஊற்றினாள்.

மறுநாளும் அப்படியே நின்றாள். அதற்கடுத்த நாளும் கவனித்தேன். ஒரு மாலையில் சுரண்டைக்குப் போய்விட்டுத் திரும்பியபோது, துணி மடித்துக்கொண்டிருந்தவள் பாதி மடித்த சேலையோடு அதேபோல நின்றாள். எனக்கு ஆவல் தாங்கவில்லை. நான் ஊரெல்லாம் தேடுகிற விஷயத்தை இவள் அடுப்படியிலேயே வைத்திருக்கிறாளா? என்னோடு இத்தனை வருஷம் குடித்தனம் செய்தும் அவளுக்கு ரத்த அழுத்தம் கிடையாது. டாக்டரே ஆச்சரியப்பட்டார். அவள் வெளியே போயிருந்த சமயம் நானும் அடுப்பு முன்னால் கரண்டியோடு கண்ணை மூடி நின்று பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பசித்ததுதான் மிச்சம்.

கடைசியில் ஒரு காலையில் கேட்டேவிட்டேன்.

"ஏட்டி, அடுப்பு முன்னால நின்னு என்ன மந்திரம் சொல்லுத? எனக்கும் சொல்லிக் குடேன்."

"மந்திரமா? நானா?"

"கண்ண மூடிட்டு நிக்குதியே. தெனமும் பாக்குதேன்."

அவள் சிரித்துவிட்டாள். வெங்காயத்தால் கல்லைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "அதுவா? நீங்க வண்டிக்கு ஸ்டாண்டு போடுத சத்தத்தக் கேக்குதேன்."

"அத எதுக்குக் கேக்குத?"

"மெதுவா போட்டா நல்லபடியா வருதியன்னு அர்த்தம். தோசைய ஊத்திருவேன். டங்குன்னு மிதிச்சா அடுப்ப அணச்சிருவேன். நீங்க கத்தி முடிக்கதுக்குள்ள தோசை ஆறிப்போச்சுன்னா, அதுக்கு வேற கத்துவியள்லா?"

"எப்பத்துல இருந்து?"

"கல்யாணம் ஆனதுல இருந்துதான். அப்ப சைக்கிளு."

குறையாகச் சொல்லவில்லை. பால்காரர் எத்தனை மணிக்கு வருவார் என்று சொல்வதுபோலச் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. முன்பின் தெரியாதவர்களின் முழங்கையைப் பத்தடி தூரத்திலிருந்து பார்த்தவன், என் வீட்டு ஜன்னலில் பார்த்ததைத் தவம் என்று நினைத்திருக்கிறேன்.

மறுநாள் தெருமுனையிலேயே எஞ்சினை அணைத்து வண்டியை உருட்டிக்கொண்டு வந்தேன். ஸ்டாண்டைக் கையால் பிடித்து மெதுவாக இறக்கினேன். ஜன்னலைப் பார்த்தேன். நின்றுகொண்டுதான் இருந்தாள். இன்னும் கூர்ந்து கேட்கிற மாதிரி தலையைச் சாய்த்திருந்தாள். ஒருநாள் நான் மெதுவாக வந்துவிட்டால் ஆயிற்றா?

உள்ளே போய்க் கரண்டியை வாங்கினேன். "நீ இரி. இன்னைக்கு நான் ஊத்துதேன்."

நம்பாமல் பார்த்துவிட்டுப் பக்கத்தில் தள்ளி நின்றாள். மாவை ஊற்றித் தேய்த்தேன். வட்டமும் வரவில்லை, சதுரமும் வரவில்லை. திருப்பப் போனேன். கல்லோடு ஒட்டிக்கொண்டு வரவே இல்லை. இழுத்ததில் இரண்டாகக் கிழிந்தது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. கல்லில் அடிக்கத் தோசைத்திருப்பியை ஓங்கிவிட்டேன்.

பக்கத்தில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. திரும்பினால், மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றாள்.

தோசைத்திருப்பியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தேன். அவள் கையைப் பிடித்தேன். முழங்கை விறைத்திருந்தது. அது தளரும்வரை விடவில்லை.

"தோசை கருகுது," என்றாள், கண்ணைத் திறக்காமலே.

"கருகட்டும்ட்டி," என்றேன்.