சேட்டைக் கழற்றாதவர்

எச்.ஐ.வி. கிளினிக்கில் செய்திக்காகப் பேசியபோது அறிமுகமான வான் ஓட்டுநர் அவர். பழைய எச்.ஐ.வி. மருந்துக் குளிசைகள் அவர் உயிரைக் காத்தன, உடம்பை மாற்றிவிட்டன. கன்னமும் கைகளும் வற்ற, வயிறு மட்டும் தள்ளியிருந்தது. குளிசையை மாற்றிய பிறகும் பழைய முகம் வரவில்லை. சீனி வருத்தமும், அதுதான் நீரிழிவும், சேர்ந்திருந்தது. எந்த வெயிலிலும் தொளதொளத்த முழுக்கைச் சேட்டோடுதான் இருப்பார்.

ஆடி அமாவாசையன்று கீரிமலைத் தீர்த்தக் கேணியடியில் அவரைக் கண்டேன். இறந்த தகப்பன்மாருக்காக ஆண்கள் வெறும் மேலோடு கேணியில் இறங்கினார்கள். அவர் மதிலோரம் நின்றார்.

"இறங்கேல்லையோ அண்ணை?"

"சேட்டைக் கழட்டினா என்ன வருத்தமெண்டு விசாரிப்பினம், தம்பி. மகளுக்குக் கலியாணம் பேசினம். மாப்பிள்ளை பகுதியும் உதிலைதான் நிக்குது."

அவருடைய இளைய சகோதரர் தகப்பனுக்குத் தர்ப்பணம் செய்ய எள்ளோடு ஐயர் முன் அமர்ந்தார்.

"மூத்த மகன் எங்கை?" என்று ஐயர் கேட்டது மதில்வரை கேட்டது.

அவர் கழுத்துப் பொத்தானையும் பூட்டிக்கொண்டார்.