மூலை மேஜை அக்கா

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பரோட்டாக் கடையில் நான் சப்ளையர். ஞாயிறு மதியம் கம்பெனி ஹாஸ்டல் வேனிலிருந்து பெண்கள் கும்பலாக இறங்கித் துணிக்கடைக்குப் போவார்கள். உயரமான ஒரு அக்கா மட்டும் எங்கள் கடைக்கு வந்து, ஐடி கார்டைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு மூலை மேஜையில் உட்காருவார். இரண்டு பரோட்டாவை ஏடு ஏடாக உரித்து ஒரு மணி நேரம் சாப்பிடுவார். நடுநடுவே தனக்குள் சிரித்துக்கொள்வார்.

"இன்னாக்கா, பரோட்டாவ துன்றியா, படிக்கிறியா?" என்று கிண்டல் செய்வேன்.

இவரை யாரும் சேர்த்துக்கொள்வதில்லை போல என்று இரக்கப்பட்டு, ஒரு ஞாயிறு அவருடைய ரூம் பெண்களை நானே அழைத்துவந்து அதே மேஜையில் உட்கார வைத்தேன். ஒரே கூச்சல், செல்ஃபி. அக்கா பத்தே நிமிடத்தில் விழுங்கிவிட்டு எழுந்தார்.

அடுத்த வாரம் பிடித்துக்கொண்டார். "ஏல தம்பி, ஒன்ன யாரு கூட்டம் சேக்கச் சொன்னா?"

"தனியா குந்தினுகீறியேன்னுதான்க்கா."

"ரூம்ல பன்னெண்டு பேரு. கண்ண மூடுனாக்கூட யார நெனைக்கேன்னு கேப்பாளுவ. எனக்குன்னு இருக்கது இந்த ஒரு மணி நேரந்தான். இங்கன உக்காந்துட்டுப் போனாத்தான் வாரம் பூரா அவளுவகூடச் சிரிச்சுப் பேச முடியுது."

போன ஞாயிறு கடையில் நிற்க இடமில்லை. ஒருவர் அக்காவுக்கு எதிர் நாற்காலியை இழுத்தார்.

"அண்ணே, அதுக்கு ஆள் இருக்குது," என்றேன்.

"யாரு?"

அக்காவைக் காட்டினேன். "ரெண்டுமே அவங்களுதுதான்."

முதலாளி என்னை முறைத்தார். நானும் எட்டு பேர் ரூமில் படுக்கிறவன்தான். எனக்கென்று இப்படி ஒரு நாற்காலி கேட்க ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை என்று தெரியவில்லை.