ஆடி கழியட்டும் என்றார்

தொண்ணூறுகளில் மந்தைவெளியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டை விலைக்கு வாங்குவதாகப் பேசி முடித்தோம். நாங்கள் கீழே, வீட்டுக்காரர் மாடியில். அவரை மாமா என்றுதான் கூப்பிடுவோம். மாமாவும் மாமியும் பெங்களூரில் பெண்ணோடு போய் இருக்கப்போவதாக ஏற்பாடு. தை மாதக் கடைசியில் வக்கீலை வைத்து ஒப்பந்தம் எழுதி, அட்வான்ஸும் கொடுத்துக் கையெழுத்துப் போட்டாயிற்று. ஆறு மாதத்துக்குள் பத்திரம் பதிந்துகொள்ள வேண்டும் என்று கெடு. என் இரண்டு பெண்களும் பிறந்து வளர்ந்த வீடு அது. அதை விட்டு எங்கே போவது என்று நினைத்துப் பார்க்கக்கூட எனக்குப் பிடிக்காது.

பேங்கில் லோனுக்கு இழுத்தடித்து, கைக்கு வருவதற்குள் ஆடி பிறந்துவிட்டது. கெடு முடிவதும் அதே ஆடியில்தான். என் கணவர் மாடிக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். மாமா சிரித்தாராம்.

"ஆடியில போய் யாராவது பத்திரம் பண்ணுவாளா? ஆடி கழியட்டும். ஆவணியில நல்ல நாளாப் பார்த்துப் பதிஞ்சுக்கலாம். நான் எங்கே ஓடிடப்போறேன்?"

அதை ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள் என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். இவருக்கு வந்ததே கோபம்! தினமும் நம் வீட்டுக் காபியைக் குடிக்கிற மனுஷரிடம் போய் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டால், அவரை நம்பவில்லை என்றாகிவிடாதா என்றார். இவருக்கு எதிலும் கூச்சம். கடையில் சில்லறை குறைந்தால்கூட வாயைத் திறக்கமாட்டார். எக்கேடோ கெட்டுப் போங்கள் என்று விட்டுவிட்டேன்.

ஆவணி பிறந்ததும் வெற்றிலை பாக்கு, பழத்தோடு இருவரும் மாடி ஏறினோம். மாமா உட்காரச் சொல்லவில்லை. பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "கெடுதான் முடிஞ்சுபோச்சே" என்றார். அட்வான்ஸைத் திருப்பித் தரும் செக் மேஜைமேல் தயாராக இருந்தது. ஆடி கழியட்டும் என்றது நீங்கள்தானே என்று இவர் கேட்டதற்கு, அப்படிச் சொன்னதாக நினைவில்லை என்றார். மாமி சமையலறையை விட்டு வெளியே வரவேயில்லை. தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு எப்படிக் கீழே இறங்கினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. செக்கை நாங்கள் தொடவில்லை.

இவரை இழுத்துக்கொண்டு மயிலாப்பூரில் இருந்த வக்கீலிடம் போனேன். வீடு, நிலம் என்றால் கெடு தாண்டியதுமே எல்லாம் போய்விட்டதாக அர்த்தமில்லை, கோர்ட்டுக்குப் போகலாம், மூன்று வருஷம் அவகாசம் இருக்கிறது என்றார் அவர். ஆனால் தாமதம் யாரால் என்று காட்டவேண்டும், கையில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். ஒன்றும் எழுதி வாங்கவில்லை என்றார் இவர்.

அடுத்த வாரமே ஒரு ஆள் டேப்போடு வந்து எங்கள் வாசலை அளக்க ஆரம்பித்தான். யாரைக் கேட்டு அளக்கிறாய் என்று சண்டைக்குப் போனேன்.

"இன்னாம்மா, தெரியாதா உனுக்கு? எங்க பில்டர் வாங்கிக்கினாரு. பதினெட்டாம் பெருக்கு அன்னிக்கே ரிஜிஸ்தர் ஆய்ட்ச்சே."

ஆடிப்பெருக்கு! எங்கள் கெடு முடியாமல் இருந்தபோதே, அதுவும் ஆடியிலேயே! அன்றைக்கு அவசரமாக வெளியே கிளம்புகிறோம், சமைக்க நேரமில்லை என்று மாமி சொன்னாளே என்று தேங்காய் சாதமும் எலுமிச்சை சாதமும் நான்தான் மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதைச் சாப்பிட்டுவிட்டுப் போய்க் கையெழுத்துப் போட்டிருக்கிறார் பாவி மனுஷர்.

இவர் ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கெடுவுக்குள்ளேயே விற்றிருக்கிறார், தப்பு அவர்மேல்தான், எழுத்தில் ஒன்றும் இல்லாவிட்டாலும் இனிமேல் கேஸ் நிற்கும், இப்போதே வக்கீலிடம் கிளம்புங்கள் என்றேன்.

செருப்பை ஓரமாக வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"வயசானவரைக் கோர்ட்டுக்கு இழுக்கவேண்டாம். காலி பண்ணிண்டு போறச்சே மட்டும், நீ மேல போய் மாமிகிட்ட சொல்லிண்டு வந்துடு."